கும்பிட்டு மூன்று விநாடி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'எரர் மிஸ்'. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன். அந்தப் பெயரை வைத்தது யார் என்று தெரிந்தால் காதைத் திருகலாம் என்று ஆறு வருடமாகக் காத்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததில் பாதிக்கு என் கோபம்தான் காரணம்.

என் தம்பி விக்னேஷ் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. தினமும் பைக்கில் போய் வருவான். தாமல் ஏரியைத் தாண்டும் இடத்தில் லாரி. அவனுக்கு இருபத்துமூன்று வயது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

அம்மா பதினாறாம் நாள் முடிந்ததும் தறியில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்டாள், தூங்கினாள், நெய்தாள். ஒன்றை மட்டும் செய்யவில்லை. அன்றிலிருந்து யாருக்கும் எதற்கும் அவள் கை கூப்பவில்லை. அம்மா வீடு இருக்கும் பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கோயில் இருக்கும். காமாட்சி தேர் தெருமுனைக்கு வந்தபோது அம்மா உள்ளே போய்ப் பாத்திரம் துலக்கினாள். தினமும் காலையில் தறியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுப்பாள், அதுவும் நின்றுபோனது. முன்னறையில் அப்பா மாட்டிய விக்கியின் படத்தை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெரியம்மா ஒருமுறை, "போனவன் சாமிதான் தையலு, ஒரு பூவ வெச்சு கும்புடு" என்றதற்கு அம்மா சொன்ன பதிலை எங்கள் சொந்தத்தில் யாரும் மறக்கவில்லை.

"என் வயித்துல பொறந்தவன நான் கும்புடணுமா? அவன்தான் என்ன கும்புடணும். நான் போன பெறகு."

திங்கட்கிழமை தலை திவசம் என்று அப்பா நாள் குறித்துவிட்டு வந்தார். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நான் பள்ளியிலிருந்து செவிலிமேட்டில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அம்மாவின் போன்.

"புவனா, தம்பி தறிமேல ஒரு கேமரா மாட்டி வெச்சான்ல, கைய காட்னா பாட்டு வருமே, அத ஓட வெச்சுக் குடும்மா."

"இப்ப எதுக்கும்மா அது?"

"திங்கக்கெழம எல்லாம் வருவாங்க. வந்து படத்துக்கு முன்னாடி நில்லு, கும்புடுன்னுவாங்க. நான் தறில ஒக்காந்துக்கறேன். பாட்டு ஓடிக்கினு இருந்தா அவங்க பேசுறது காதுல வுழாது."

சரி என்றேன். அம்மா ஒரு வருடத்தில் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது அதுதான்.

விக்கி செய்து வைத்திருந்தது சின்ன விஷயம். தறியில் இருப்பவளுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும், போனைத் தொட முடியாது. அதனால் தறியின் மேல் கட்டையில் ஒரு கேமராவை அம்மாவைப் பார்க்கும்படி மாட்டினான். கேமரா பார்ப்பதை லேப்டாப்பில் ஒரு புரோகிராம் கவனித்துக்கொண்டே இருக்கும். உள்ளங்கையைக் காட்டினால் பாட்டு நிற்கும், மறுபடி காட்டினால் ஓடும். இரண்டு விரலைக் காட்டினால் அடுத்த பாட்டு. அவன் அதை மூன்று மாதம் நோண்டினான். "பாட்டு மாத்தறதுக்கு ஒரு கேமராவா? பட்டன் செத்துப்போச்சா?" என்று நான் கேலி செய்தேன். அவன் சிரித்தான். அவனுக்குக் கோபமே வராது, எங்கள் வீட்டுக் கோபம் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டு பிறந்துவிட்டேன்.

லேப்டாப்பைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது. மிஞ்சியது ஒரு பென் டிரைவ். அதை அம்மா அஞ்சறைப்பெட்டியில், மிளகுக் குழிக்குள் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் என் லேப்டாப்போடு போனேன். பென் டிரைவைத் துடைத்துச் செருகினேன். உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர். புரோகிராம் ஃபைல், பாட்டுகள், எதையோ எண்களாகச் சேர்த்துவைத்த ஒரு ஃபைல், 'செட்டப்' என்று ஒரு குறிப்பு. குறிப்பைத் திறந்தேன்.

'நான் வெளியூர் போயிட்டா அக்காதான் இத பாத்துக்கணும். அதனால கொழந்தைக்கு சொல்ற மாதிரி எழுதறேன். டீச்சர், மொதல்ல பைத்தான் எந்த வெர்ஷன்னு பாரு. புதுசு இருந்தா பீத்திக்காத, வேலைக்காவாது.'

ஸ்கிரீனைப் பார்த்து, "வாய மூடுடா" என்றேன். அடுத்த அறையில் பாவு நூல் பிரித்துக்கொண்டிருந்த அப்பா, "யாருகிட்டமா?" என்றார். யாருமில்லை என்றேன்.

என்னிடம் இருந்தது புதிய வெர்ஷன்தான். அவன் சொல்லி நான் கேட்பதா என்று அதிலேயே முயன்றேன். கையைக் கண்டுபிடிக்கும் பேக்கேஜ் ஏறவே மாட்டேன் என்றது. சிவப்பு எழுத்தில் பத்து வரி. மறுபடி முயன்றேன், மறுபடி பத்து வரி. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவன் சொன்ன பழைய வெர்ஷனையே இறக்கினேன். ஆறு வருடமாகப் பைத்தான் பாடம் நடத்துகிறவள் நான். பாடப்புத்தகத்தில் உள்ள புரோகிராமைத் தவிர எதையும் என் கையால் செட்டப் செய்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

'அடுத்தது விர்ச்சுவல் என்விரான்மென்ட். நம்ம வூட்ல கிருத்திகைக்குன்னு தனி சட்டி வெச்சிருக்கோம்ல, மத்த நாள் சட்டியோட சேக்காம? அதான் இது. இந்த புரோகிராமுக்கு வேண்டிய பேக்கேஜ் எல்லாம் தனி சட்டியில. மெயின் அடுப்புல கலந்தா நாறிடும்.'

இதைவிட நன்றாக அந்தப் பாடத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. தனிச் சட்டி வைத்தேன். கேமராப் படத்தைப் படிக்கிற ஓப்பன்சிவி ஏறியது. எண்களுக்கான பேக்கேஜ் புதிதாக ஏறிக்கொண்டு மற்றதோடு சண்டை போட்டது. அவன் குறிப்பில் எழுதியிருந்த எண்ணுக்கே அதைக் கீழே இறக்கினேன். சண்டை நின்றது. மதியச் சோற்றை அம்மா தட்டில் பிசைந்து கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "ஏறுதா?" என்றாள். ஏறுகிறது என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிவிட்டுத் தறிக்குப் போனாள்.

புரோகிராமை என் லேப்டாப்புக்குக் காப்பி செய்து ஓட்டினேன், ஃபைலைக் காணோம் என்றது. விக்கி எல்லா இடத்திலும் பென் டிரைவின் முகவரியை அப்படியே எழுதி வைத்திருந்தான். இருபது இடத்தில் மாற்ற வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. எடுத்த காப்பியை அழித்துவிட்டு, பென் டிரைவிலிருந்தே நேராக ஓட்டினேன். வருடம் தவறாமல் பிள்ளைகளுக்கு 'பேக்கப் எடு, பேக்கப் எடு' என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

ஓடியது. ஸ்கிரீனில் ஒரு பொம்பளை கண் வீங்கி, தலை கலைந்து உட்கார்ந்திருந்தாள். என் லேப்டாப்பின் கேமரா என்னையே காட்டியது. குறிப்பில் அதுவும் இருந்தது. 'ஒன் மூஞ்சி தெரிஞ்சா பயப்படாத, கேமரா நம்பர சைபர்லேருந்து ஒண்ணா மாத்து.' சிரித்துவிட்டேன். அதன் பிறகு கொஞ்ச நேரம் எதையும் படிக்க முடியவில்லை.

கடைசிப் பகுதி நீளமாக இருந்தது.

'அம்மாக்குப் பின்னாடி செவுத்துல முருகன் படம் இருக்குதுல்ல, அவரு கைய காட்னாப்புல நிக்கறாரு. புரோகிராமு அத நெசக் கைன்னு எடுத்துக்குது. பாட்டு ஓட ஆரம்பிச்சா போதும், முருகன் நிறுத்திடறாரு. அதுக்கு ஒரு வழி பண்ணிட்டேன். ஆள் இல்லாதப்ப செவுத்த ஒருவாட்டி எடுத்து வெச்சுக்கும். அதான் பேக்ரவுண்டு. அதுல இருக்கறது எல்லாம் கறுப்பா மறைஞ்சிடும். எது புதுசா வந்திருக்குதோ, எது இல்லாம போச்சோ, அது மட்டும் வெள்ளையா தெரியும்.'

'புது பேக்ரவுண்டு எடுக்கணும்னா ரெண்டு கையையும் கூப்பி மூணு செகண்டு நிக்கணும். தறில இருக்கறப்ப கை ரெண்டும் ஒண்ணா சேராது, அதனால தப்பா பதியாது. அம்மா தெனம் காலையில தறிய கும்புடும்ல, அப்பவே தானா எடுத்துக்கும். பழசு போயி அதுமேலயே புதுசு ஒக்காந்துக்கும். என் மூளையே மூளை.'

'ஒரு கோளாறு. கும்புடற ஆளே பேக்ரவுண்டுல சேந்துடறாங்க. கும்புட்டுட்டு தள்ளிப் போக அஞ்சு செகண்டு டைம் குடுக்கணும். நாளைக்குப் பாக்கணும்.'

குறிப்பு அங்கே முடிந்தது. நாளைக்கு என்று எழுதினவனுக்கு நாளை இல்லை. அந்தக் கோளாறை நான் சரிசெய்திருக்கலாம். இரண்டு வரி எழுதினால் போதும், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையே எழுதும். அம்மாதான் கும்பிடுவதையே விட்டுவிட்டாளே, இனி அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஃபைல்களின் தேதியைப் பார்த்தேன். எண்களாக இருந்த அந்த ஃபைலுக்கு மட்டும் அவன் போன நாளின் தேதி. காலை எட்டு மணி நான்கு நிமிடம். அதைத் திறந்து பார்த்தேன், கட்டம் கட்டமாக ஏதேதோ குறிகள். மூடிவிட்டேன். எட்டு நான்குக்கு அவன் வீட்டில் இருந்திருக்கிறான். எட்டே முக்காலுக்கு ஏரிக்கரையில்.

அன்றைக்கு ஏழு ஐம்பதுக்கு எனக்குப் போன் செய்திருந்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அக்கா, ஸ்கூலுக்கு போற வழியில ரெண்டே நிமிஷம் வந்துட்டு போயேன். தறிக்குப் பக்கத்துல நின்னு கைய கூப்பணும், அவ்ளோதான். நான் லேப்டாப்ல பாக்கணும். அம்மா தோட்டத்துல துணி தொவைக்குது."

"எனக்கு ஃபர்ஸ்ட் பீரியடு. ஒனக்கு வேற வேலையே இல்லியாடா? நீயே நின்னு நீயே கும்புட்டுக்கோ."

"சரிங்க டீச்சர்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. போயிருந்தால் இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியிருப்பான், அந்த லாரி முன்னால் போயிருக்கும். இந்தக் கணக்கை ஒரு வருடமாகத் தினமும் போடுகிறேன். விடை மாறுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தறிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு லேப்டாப்பை வைத்தேன். கேமராவின் ஒயரைச் செருகினேன். அப்பா இலையும் எள்ளும் வாங்க ராஜாஜி மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். கிழக்குச் சன்னலிலிருந்து வெயில் சுவரில் விழுந்திருந்தது. அதே மாதம், ஏறக்குறைய அதே நேரம்.

வித்தியாசத்தை மட்டும் கறுப்பு வெள்ளையில் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். ஸ்கிரீன் முழுக்க வெள்ளைக் கோடுகள். சுவர் அலமாரி இரண்டிரண்டாகத் தெரிந்தது, முருகனுக்கு இரண்டு வேல். கொஞ்ச நேரம் முழித்தேன். பிறகு புரிந்தது. ஆயுத பூஜைக்குத் தறியைத் துடைத்தபோது அப்பாவின் கை பட்டுக் கேமரா கொஞ்சம் திரும்பியிருக்கிறது. அவன் எடுத்து வைத்த சுவரும் இப்போது கேமரா பார்க்கும் சுவரும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பொருத்திவிட்டால் எல்லாம் கறுப்பாகிவிடும்.

தறியின் பின்னால் ஏறி நின்று, ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே கேமராவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். அலமாரியின் கோடுகள் நெருங்கி வந்து ஒன்றாகி மறைந்தன. சன்னல் கம்பிகள் மறைந்தன. முருகன் மறைந்தார். காலண்டர் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டமாக நின்றது, அது இந்த வருடத்துக் காலண்டர், நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் போகவில்லை. சுவருக்கு முன்னால், அம்மா உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பெரிய வெள்ளைத் திட்டு. கோளாறு என்று நினைத்துக் கேமராவை இன்னும் கொஞ்சம் திருப்பினேன். மற்றதெல்லாம் கறுக்கக் கறுக்க அது மட்டும் தெளிவானது. முதலில் தோள் தெரிந்தது. அதன்மேல் தலை. தலைக்கு இரண்டு பக்கமும் விடைத்துக்கொண்டு இரண்டு காது.

எங்கள் வீட்டில் அந்தக் காது அவனுக்கு மட்டும்தான்.

என் கை கேமராவிலேயே இருந்தது, எடுக்கத் தெரியவில்லை. முகம் இல்லை, கண் இல்லை, வெள்ளையாக ஓர் ஆள் உருவம். தோளில் ஆபீஸ் பையின் மேடு. முழங்கைகள் இரண்டு பக்கமும் விரிந்து, மார்புக்கு நேரே இரண்டு கையும் சேர்ந்து கூம்பியிருந்தன. நான் சொன்னபடியே செய்திருக்கிறான். அவனே நின்று, அவனே கும்பிட்டிருக்கிறான். அந்த இடத்தில் இப்போது அவன் இல்லை, அதனால் தெரிகிறான்.

"யாருமா அது?"

அம்மா ஈரத்தலையில் துண்டோடு வாசற்படியில் நின்று ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள். பெற்றவளுக்குக் காது தெரியாதா?

"விக்கியா?"

"ஆமாம்மா."

மெதுவாக நடந்து வந்தாள். கேமராவுக்கு முன்னால், தன் இடத்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். ஸ்கிரீனில் அவளும் வெள்ளையாக வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவன் தோள் உயரத்துக்குத்தான் இருந்தாள். பக்கத்தில் வெறும் தரையைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தாள்.

"கும்புடறானா?"

"ம்."

"அன்னிக்கு எங்கிட்ட சொல்லிக்காம போயிட்டான் புவனா. நான் தோட்டத்துல இருந்தேன். வண்டி சத்தம் கேட்டுச்சு, ஈரக்கையோட ஓடியாந்தேன், அதுக்குள்ள தெருவு தாண்டிட்டான். போயிட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லிக்கலியேன்னு ஒரு வருசமா நெனச்சுக்கினு இருக்கறேன்." குரல் உடையவில்லை, யாருக்கோ நியாயம் சொல்வதுபோல் சொன்னாள். "சொல்லிக்கினுதான் போயிருக்கான். எனக்குத்தான் தெரில."

அவன் எனக்கும் சொல்லவில்லை, உனக்கும் சொல்லவில்லை, ஒரு புரோகிராமைச் சோதித்தான் என்று எப்படிச் சொல்வது? நான் அழுதுகொண்டிருந்தேன். அதனால்தான் அவள் துண்டை இழுத்து இடுப்பில் செருகியதைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது அம்மாவின் கைகள் மேலே வந்துகொண்டிருந்தன.

ஒரு வருடமாகச் சேராத கைகள். தேருக்குச் சேரவில்லை, அவன் படத்துக்குச் சேரவில்லை. மார்புக்கு நேரே வந்து சேர்ந்தன.

ஒன்று. அம்மா கும்பிடுகிறாள், கடைசியில் கும்பிட்டுவிட்டாள் என்று மட்டும் நினைத்தேன்.

இரண்டு. குறிப்பு நினைவுக்கு வந்தது. பழசு போய் அதன்மேலேயே புதுசு. என்னிடம் காப்பி இல்லை. நிறுத்தக் கையை நீட்டினால் லேப்டாப் தறிக்கு அந்தப் பக்கம். அம்மா கையை எடு என்று கத்த வாயைத் திறந்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள், உதடு அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. எந்த வாயால் கத்துவேன்? நீயே கும்பிட்டுக்கோ என்று அவனிடம் சொன்ன அதே வாய்.

மூன்று. லேப்டாப் 'டிக்' என்றது. அந்தச் சத்தத்தை விக்கி தன் நாக்காலேயே சொடுக்கிப் பதிவு செய்து வைத்திருந்தான்.

ஸ்கிரீன் கறுத்தது. முழுக்கக் கறுப்பு. காலண்டர் இல்லை, அம்மா இல்லை, அவன் இல்லை. சோதனை என்று பார்த்தால் அதைவிடச் சுத்தமாக ஒரு பேக்ரவுண்டு எடுக்க முடியாது.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"போயிட்டானா?"

"போயிட்டாம்மா."

தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அவன் படத்துக்கு நல்ல பூவா வாங்கணும். ஒங்கப்பா வதங்கினத வாங்கியாருவாரு. நானே போறேன்" என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்பா வந்ததும் அவருக்கும் ஒருவாட்டி காட்டு. அவரும் பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வருடத்தில் அவள் பூ வாங்கக் கிளம்பியது அன்றைக்குத்தான்.

நான் கீழே இறங்கி, பேக்ரவுண்டு பதிகிற அந்த எண்கள் ஃபைலைப் பார்த்தேன். அதே பெயர், அதே அளவு, ஓர் எண்கூடக் கூடவோ குறையவோ இல்லை. தேதி மட்டும் இன்றைய தேதி. அழிந்ததை மீட்டுத் தருகிற புரோகிராம்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். முதல் நாள் நானே அழித்த காப்பியையும் தேடினேன். கோபத்தில் அழித்தால் நான் அரைகுறையாக அழிப்பதில்லை, குப்பைத்தொட்டியிலும் இல்லை.

அப்பா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் இலைக்கட்டோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"அம்மாவ தெருவுல பாத்தேன். பூ வாங்கப் போவுதாம். என்னமோ இருக்குது, போய்ப் பாருன்னுச்சு." ஸ்கிரீனைக் குனிந்து பார்த்தார். "யாரு இது, அம்மாவா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். அம்மா போய்விட்டதால் அவள் நின்ற இடம் வெள்ளையாகத் தெரிந்தது. சின்ன உருவம், இடுப்பில் துண்டின் முடிச்சு, மார்பில் கூப்பிய கை. அவன் கோளாறு தன் வேலையைச் செய்திருந்தது. அவள் பக்கத்தில் அவன் நின்ற இடம் முழுக்கக் கறுப்பு.

"யார கும்புடுது?" என்றார் அப்பா.

"விக்கியதாம்பா. அவன் இருந்தான். கும்புட்டுக்கினு நின்னான். இங்கியே, இதுல." விரல் வைத்துக் காட்டினேன். "நான் அழிச்சிட்டேம்பா. காப்பி எடுத்திருக்கணும், எடுக்கல. அன்னிக்கி வரச் சொன்னான், வரல. இன்னிக்கும் அழிச்சிட்டேன்."

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. நான் ஒரு வருடமாக விழுங்கி வைத்திருந்த போன் விஷயம், லாரிக் கணக்கு, எல்லாவற்றையும் கொட்டினேன். இலைக்கட்டைத் தறியின் மேல் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா பாத்துச்சா அவன?" என்றார் கடைசியில்.

"பாத்துச்சு."

"நல்லா பாத்துச்சா?"

"நல்லா பாத்துச்சுப்பா."

"அப்ப சரி" என்றார். "அழிஞ்சிதுன்னு அதுகிட்ட சொல்லாத. நானும் பாத்தேன்னு சொல்லிடறேன்."

முக்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். ஸ்கிரீனில் நான் விரல் வைத்த கறுப்பு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூக்கட்டோடு அம்மா திரும்பி வரும்வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

"பாத்தியா?" என்று அம்மா வாசலிலிருந்தே கேட்டாள்.

"பாத்தேன் தையலு."

"காது எப்டி இருக்குது பாத்தியா?"

"அப்டியே இருக்குது" என்றார் அப்பா. அதுவரை அழாமல் இருந்தவர் அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார்.

நான் அம்மாவின் ஃபைலைக் காப்பி எடுத்தேன். லேப்டாப்பில் ஒன்று, போனில் ஒன்று, பள்ளிக்கூட லேபில் ஒன்று. பிறகு புரோகிராமைத் திறந்து அவன் நாளைக்கு என்று விட்டுப்போன இரண்டு வரியை எழுதினேன். கும்பிட்டவர் தள்ளிப் போக ஐந்து விநாடி. ஒரே தடவையில், ஓர் எரர்கூட இல்லாமல் ஓடியது.